ஸ்கோப்யேயில் சிலைகளைத் தவிர என்ன இருக்கிறது?

கேள்வி, 2024 மார்ச் 2

ஏப்ரல் முதல் வாரம் ஒஹ்ரிட் ஏரிக்குப் போகிறேன். விமானம் இறங்குவது வட மாசிடோனியாவின் தலைநகரம் ஸ்கோப்யேயில். பார்த்த காணொளிகளில் எல்லாம் சிலைகள், பிளாஸ்டர் தூண்கள், ஆற்றுக்குள் மரக்கப்பல். ஐரோப்பாவிலேயே ரசனை கெட்ட தலைநகரம் இதுதான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இறங்கிய கையோடு பஸ் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். தவறா? நான் சைவம். பழங்களைத் தின்றே திரும்பவும் தயார்.

மார்ச் 2, இரவு

தவறு. இரண்டு நாள் இருங்கள். 2015 ஜூலையில் ஒருமுறை, 2023 நவம்பரில் ஒருமுறை போயிருக்கிறேன். முதல்முறை நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மற்றது நாளை.

மார்ச் 3, காலை

சிலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். அவற்றைத் தாண்டித்தான் மற்ற எதற்கும் போக முடியும், அந்த ஊரிலும் அப்படித்தான்.

மாசிடோனியா சதுக்கத்தின் நடுவில் ஒரு பெருந்தூண். தூண்மேல் குதிரை, குதிரைமேல் வாளை நீட்டிய அலெக்சாந்தர். வெண்கலம் மட்டும் 14.5 மீட்டர். அடியில் நீரூற்று, சிங்கங்கள், போர்வீரர்கள், இருட்டினால் நிறம் மாறும் விளக்குகள், போதாததற்கு இசை வேறு. கல் பாலத்தைக் கடந்து அக்கரை போனால் அப்பா இரண்டாம் பிலிப், முஷ்டியை உயர்த்தியபடி. பக்கத்திலேயே அம்மா ஒலிம்பியாஸ்: வயிற்றுப்பிள்ளையோடு ஒரு சிலை, கைப்பிள்ளையோடு இன்னொன்று. குடும்ப ஆல்பத்தை வெண்கலத்தில் வார்த்து நடுத்தெருவில் பிரித்து வைத்ததுபோல் இருக்கும்.

அதோடு விடவில்லை. ரோமப் பேரரசன் ஜஸ்டினியன், இடைக்கால மன்னன் ஜார் சாமுவேல், துருக்கிய ஆட்சியை எதிர்த்த புரட்சியாளர் கோட்ஸே டெல்சேவ், ஆற்றில் தலைகீழாகக் குதிக்கும் பெண்கள், ஷூ துடைப்பவர். கலைஞர்களுக்கென்றே ஒரு பாலம், அதன் இரு பக்கமும் வரிசையாகச் சிலைகள். 2015இல் என் மகள் எண்ண ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டியதும் ஐஸ்கிரீம் கேட்டாள். கணக்கு அங்கேயே நின்றது.

இதெல்லாம் பழங்காலத்தவை அல்ல. 'ஸ்கோப்யே 2014' என்று 2010இல் அறிவிக்கப்பட்ட திட்டம். அப்போது பிரதமர் நிகோலா குருயெவ்ஸ்கி. முதலில் சொன்ன செலவு 8 கோடி யூரோ. பிற்பாடு பத்திரிகையாளர்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கூட்டிப் பார்த்தபோது 60 கோடியைத் தாண்டியிருந்தது. இருபது லட்சம் பேர்கூட இல்லாத, ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று அது. இதை அறிந்த பிறகு நீரூற்றின் இசை காதில் வேறு மாதிரி விழுகிறது.

மார்ச் 3, மாலை

ஒரு திருத்தம். 'அலெக்சாந்தர் சிலை' என்று எழுதிவிட்டேன். 2011இல் திறந்தபோது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'குதிரைமேல் வீரன்'. அலெக்சாந்தரும் மாசிடோனியா என்ற பெயரும் எங்கள் சொத்து என்று கிரேக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். பெயரைச் சொல்லாமல் எழுபது அடிக்கு மேல் தூக்கி வைத்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

2018இல் கிரேக்கத்தோடு பிரெஸ்பா ஒப்பந்தம், 2019 பிப்ரவரியில் நாட்டின் பெயர் 'வட மாசிடோனியா' ஆயிற்று. விமான நிலையத்துக்கு வைத்திருந்த அலெக்சாந்தர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். பிறகு இந்தச் சிலைகளுக்குக் கீழே, இவர்கள் பண்டைய கிரேக்க வரலாற்றைச் சேர்ந்தவர்கள் என்று பலகை வைத்தார்கள். சிலையை இறக்கவில்லை, அடிக்குறிப்பு மட்டும் போட்டார்கள். இப்படி அடிக்குறிப்போடு நிற்கும் சிலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மார்ச் 4

இன்று அந்தக் கடிகாரத்தைப் பற்றி.

சதுக்கத்திலிருந்து மாசிடோனியா தெரு வழியாக நேராக நடங்கள். தெரு முடியும் இடத்தில் பாதி இடிந்த ஒரு கட்டடம். பழைய ரயில் நிலையம். முகப்பில் உள்ள கடிகாரம் 5.17இல் நிற்கிறது. 1963 ஜூலை 26 விடிகாலை 5.17க்கு நிலம் ஆடியது. ரிக்டரில் 6.1. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நகரத்தில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு இடிந்தோ சிதைந்தோ போயிற்று, இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நிலையத்தின் உடைந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, மிச்சத்தை நகர அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

முதல் பயணத்தில் இந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. ஐந்து நிமிட நடைதான், ஆனாலும் போகவில்லை. சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, பின்னிரவு

ஐந்து நிமிடம் அல்ல, பத்து. நான் வேகமாக நடப்பவன். ரயிலில் வருகிறவர்கள் இறங்குவது இந்த நிலையத்தில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போதைய நிலையம் கிழக்கே தள்ளி, தூண்களின்மேல் தூக்கிக் கட்டியது. தண்டவாளம் மேலே, பஸ் நிலையம் கீழே. ஒஹ்ரிட் பஸ்ஸும் அங்கிருந்துதான்.

மார்ச் 5

சாப்பாடு. கேட்டவர் மூன்று நாளாகக் காத்திருக்கிறார்.

'பெஸ் மெஸோ' என்றால் இறைச்சி இல்லாமல். இதைவிடப் பயன்படும் சொல் 'போஸ்னோ'. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத உணவு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. மீன் மட்டும் சில நாட்களில் நுழைந்துவிடும், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அதிர்ஷ்டம், இந்த ஆண்டு அவர்களின் ஈஸ்டர் மே 5இல்தான். ஏப்ரல் முழுக்கத் தவக்காலம். அடுமனையில்கூட 'போஸ்னோ' என்று எழுதி வைத்திருப்பார்கள்.

'தாவ்சே கிராவ்சே' சாப்பிடாமல் வராதீர்கள். பெரிய வெள்ளை பீன்ஸை வேகவைத்து, வெங்காயமும் சிவப்பு மிளகாய்ப் பொடியும் சேர்த்து, மண்சட்டியில் அடுப்புக்குள் வைத்துச் சுட்டெடுப்பது. மேலே ஏடு கட்டியிருக்கும், உள்ளே குழைந்திருக்கும். சில கடைகளில் மேலே தொத்திறைச்சி வைத்துவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரம் எதிர்பார்க்க வேண்டாம், அந்தப் பொடி நிறத்துக்கும் மணத்துக்கும்தான். என் மனைவி பையிலிருந்து ஊறுகாய் எடுத்தார். பரிமாறியவர் முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

காலையில் 'புரெக்', மெல்லிய மாவை அடுக்கிச் சுட்டது. பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்தது, கூடவே ஒரு கோப்பைத் தயிர். 'போஸா' என்று ஒரு பானம்: தினை வகைத் தானிய மாவைப் புளிக்கவைத்தது, கெட்டியாக, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் சர்க்கரை போட்ட கூழ். எனக்குப் பிடித்தது. வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

மார்ச் 6

ஒருவர் தனிச்செய்தியில் கேட்கிறார்: "அன்னை தெரசா அல்பேனியாக்காரர் இல்லையா? ஸ்கோப்யேக்கு என்ன உரிமை?"

அல்பேனியர்தான். பிறந்தது ஸ்கோப்யேயில், 1910 ஆகஸ்ட் 26. அன்று அந்த ஊர் ஓட்டோமான் துருக்கியப் பேரரசில், பெயர் உஸ்குப். மாசிடோனியா என்றோ அல்பேனியா என்றோ தனி நாடே இல்லாத காலம். பதினெட்டு வயதில், 1928இல், ஊரைவிட்டு அயர்லாந்து போய் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இப்போது இரண்டு நாடுகளும் அவரை இழுக்கின்றன. விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டது டிரானா. 2009இல் நினைவில்லம் கட்டியது ஸ்கோப்யே. கொல்கத்தாவை இந்த வழக்கில் யாரும் சேர்ப்பதில்லை, அங்குதான் அவர் வாழ்ந்தார் என்றாலும்.

நினைவில்லம் கட்டடமாக எனக்குப் பிடிக்கவில்லை. கல்லும் கண்ணாடியும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். ஆனால் அது நிற்கும் இடம் முக்கியம். அவர் ஞானஸ்நானம் பெற்ற இயேசுவின் திரு இருதய ஆலயம் இருந்த மனை அது. ஆலயம் 1963 நிலநடுக்கத்தில் போய்விட்டது. பிறந்த வீடும் இல்லை. சதுக்கத்துக்கு அருகே தரையில் ஓர் அடையாளம் மட்டும். இந்திய முகத்தைப் பார்த்ததும் நினைவில்லத்தில் இருந்த பெண்மணி, "கல்கத்தா?" என்று கேட்டார். இல்லை, தெற்கே இன்னும் 1,600 கிலோமீட்டர் என்று சொல்ல வாயெடுத்து, தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 8

ஆற்றின் வடகரையில்தான் எனக்குப் பிடித்த ஸ்கோப்யே இருக்கிறது. பழைய சந்தை. 'சார்ஷியா' என்பார்கள். கல் பாலமும் பதினைந்தாம் நூற்றாண்டு ஓட்டோமான் வேலைதான். பாலத்தின் ஒரு முனையில் குதிரைவீரன், மறுமுனையில் பெரிய சிலைகளைத் தாண்டி இருநூறு அடி நடந்தால் தட்டார் தெரு, செருப்புக் கடைகள், சுவர்க்கோழிபோல் தட்டிக்கொண்டிருக்கும் செம்புப் பட்டறை. சத்திரங்கள் மூன்று மிஞ்சியிருக்கின்றன: கபான் ஆன், சுலி ஆன், குர்ஷும்லி ஆன். 'ஆன்' என்றால் வணிகர்கள் தங்கும் சத்திரம். கீழே குதிரைகள், மேலே மனிதர்கள். தாவுத் பாஷாவின் குளியல்மாடம் இப்போது ஓவியக்கூடம். மேட்டில் 1492இல் கட்டிய முஸ்தபா பாஷா மசூதி.

தேநீர் அங்கே 'சாய்'. இடுப்பு ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளையில், பால் இல்லாமல். பாலுக்கு ஏங்குகிறவர்கள் 'மக்கியாத்தோ' காபி கேளுங்கள், அங்கே எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

ரமலான் நோன்பும் ஏப்ரல் 9 வாக்கில் முடிகிறது. நீங்கள் போகும்போது ஆற்றின் ஒரு கரையில் தவக்காலமும் மறுகரையில் நோன்பும் சேர்ந்தே நடந்துகொண்டிருக்கும். பகலில் சந்தைக்குள் சில கடைகள் மூடியிருந்தால் திகைக்க வேண்டாம். மாலையில் போங்கள்.

மார்ச் 8, சற்றுக் கழித்து

எழுத மறந்தது. சந்தையில் ஒரு முதியவர் என் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டி, "ஜெப், ஜெப்" என்று எச்சரித்தார். பணப்பை வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. மாசிடோனிய மொழியில் சட்டைப்பைக்கு 'ஜெப்' என்றே பெயர். நம் ஜேப்பும் அதுதான். அரபியில் பிறந்து துருக்கியர் வழியே அங்கும், உருது வழியே இங்கும் வந்த சொல். ஸ்கோப்யேயில் ஒருவர் என்னிடம் பேசி, மொழிபெயர்ப்பு இல்லாமல் நான் புரிந்துகொண்ட ஒரே வாக்கியம், ஜேப்படி பற்றியது.

மார்ச் 9

இரண்டு கரை என்று நான் பிரித்ததை ஒருவர் குறை சொல்கிறார். முஸ்லிம் அல்பேனியர் வடக்கே, ஆர்த்தடாக்ஸ் மாசிடோனியர் தெற்கே என்பது சுற்றுலாக்காரர்களின் சௌகரியம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன், பாதி. அரசியல் அந்தக் கோட்டில் ஓடுகிறது. சந்தையின் தலைவாசலில் 2006இல் அல்பேனிய வீரர் ஸ்கந்தர்பேக்குக்குச் சிலை எழுந்தது. ஆனால் வெள்ளி இரவு சந்தைக்குள் மது அருந்தும் இடங்களில் இரண்டு மொழியும் ஒரே மேசையில் கேட்டது. வடக்கே இன்னும் போனால் ஷுட்டோ ஒரிஸாரி, ரோமா மக்களின் (ஜிப்சிகள் என்று மற்றவர்கள் அழைத்தவர்கள்) நகராட்சி. ரோமானி மொழி அங்கே அலுவல் மொழி. அதுவும் 1963க்குப் பிறகு வீடிழந்த ரோமா மக்களைக் குடியமர்த்தியதில் வளர்ந்த ஊர். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அந்த 5.17இல்தான் போய் நிற்கிறது.

மார்ச் 11

சிரிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலநடுக்கத்துக்குப் பின் ஐக்கிய நாடுகள் சபை நகர மையத்தைத் திட்டமிட ஒரு போட்டி நடத்தியது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே பரிசின் பெரும்பங்கை வென்றார், 1965. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவை வடிவமைத்தவர். இடிந்த ஊரைக் கட்டத் தெரிந்தவரைத்தான் பிடித்தார்கள். மையத்தைச் சுற்றி 'நகரச் சுவர்' என்று அடுக்குமாடி வீடுகளின் வளையம், 'நகர வாசல்' என்று தூண்களின்மேல் நிற்கும் அந்தப் புது ரயில் நிலையம். அவர் வரைந்தது முழுவதும் கட்டப்படவில்லை. கட்டியவரை கான்கிரீட்டில் நிற்கிறது. சுவிஸ் நாடு ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தது, பெஸ்டலோட்ஸி பள்ளி, 1969. நிலம் ஆடினால் கட்டடம் தாங்கிக்கொள்ள அடியில் ரப்பர்க் கட்டைகள் வைத்துக் கட்டியது. அப்படிக் கட்டிய முதல் கட்டடம் உலகிலேயே அதுதான். பனிப்போர் உச்சத்தில் இருந்த ஆண்டில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையும் சோவியத் பொறியாளர்களும் ஒரே ஊரில் வேலை செய்திருக்கிறார்கள்.

'ஸ்கோப்யே 2014' செய்தது என்ன? வெறும் சிலை வைத்தது மட்டும் அல்ல. இந்த அறுபது, எழுபதுகளின் கட்டடங்கள் பலவற்றுக்குப் பொய் முகம் மாட்டியது. கான்கிரீட்டின்மேல் சட்டம், சட்டத்தின்மேல் பலகை, அதன்மேல் பிளாஸ்டர்த் தூண். அரசு அலுவலகத்துக்கே அப்படி ஒரு வெள்ளை முகமூடி. விரலால் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே காலி. நகர வணிக மையத்துக்கும் மாட்டப் பார்த்தார்கள், 1973இல் கட்டிய திறந்த கடைத்தொகுதி. வேண்டாம் என்று மக்கள் கைகோத்து அந்தக் கட்டடத்தையே அணைத்து நின்றார்கள். 2015 ஏப்ரலில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய முகமே போதும் என்றார்கள், ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கை சட்டம் கேட்ட அளவுக்குப் போதவில்லை. கடைசியில் எப்படியோ தப்பித்துவிட்டது.

அந்த வாக்கெடுப்பு நடந்து மூன்று மாதத்தில்தான் நான் முதல்முறை அங்கே நின்றுகொண்டிருந்தேன். அதே வணிக மையத்தின் நிழலில் உட்கார்ந்து, இந்த ஊர்க்காரர்களுக்கு ரசனையே இல்லை என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன். சுற்றிலும் அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 11, இரவு

விட்டுப்போனது. 2016 ஏப்ரலில், ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் விசாரிக்கப்பட்ட அரசியல்வாதிகளுக்கு அதிபர் மன்னிப்பு வழங்கியதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வண்ணம் நிரப்பிய பலூன்களை எடுத்து அந்த வெள்ளை முகங்கள்மேல் எறிந்தார்கள். 'வண்ணப் புரட்சி' என்றே பெயர். குருயெவ்ஸ்கியின் கட்சி 2017இல் ஆட்சியை இழந்தது. 2018இல் சிறைத்தண்டனையை அனுபவிக்க வேண்டிய நேரத்தில் அவர் ஹங்கேரிக்குப் போய்விட்டார். 2023இல், அதே திட்டத்தில் கட்டிய வெற்றி வளைவின் ஒரு மூலையில் மங்கிய நீலக்கறை பார்த்தேன். வண்ணம் என்று மகளிடம் சொன்னேன். மழைநீர்க் கறை என்றாள். அவள் பேச்சே சரியாக இருக்கலாம்.

மார்ச் 12

டாக்சி: ஏறுமுன் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 61 டெனார் (அந்த நாட்டுப் பணம்) என்பதை அன்று இரவு உட்கார்ந்து வகுத்தபோதுதான், மூன்று பேர் வயிறார இரவுச் சாப்பாடு சாப்பிடும் தொகையைக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மார்ச் 15

சந்தைக்கு மேலே ஸ்வேதி ஸ்பாஸ் தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டுவீடு. பாதி கட்டடம் தரைமட்டத்துக்குக் கீழே. மசூதிகளைவிட உயரக்கூடாது என்ற ஓட்டோமான் கால விதிக்குப் பணிந்து கீழ்நோக்கிக் கட்டியது. படியிறங்கி உள்ளே போனால் வால்நட் மரத்தில் செதுக்கிய பலிபீடத் திரை, 1824இல் முடித்தது. சுமார் பத்து மீட்டர் அகலம், விரற்கடை இடம் விடாமல் மனிதர், விலங்கு, கொடி. ஒரு மூலையில் தச்சர்கள் தங்களையே செதுக்கி வைத்திருக்கிறார்கள், கையில் உளியும் சுத்தியும் வேலையுமாக. காவலர் டார்ச் அடித்துக் காட்டாவிட்டால் கண்ணில் படாது.

பதினான்கரை மீட்டர் குதிரையைப் பார்த்துவிட்டு அதே நாளில் இதையும் பாருங்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 16

சென்ற குறிப்பு ஏதோ பிரசங்கம்போல் முடிந்துவிட்டது. குதிரையையும் ரசிக்கலாம். இரவில், விளக்கு ஊதா நிறத்துக்கு மாறும்போது, குழந்தைகள் நீரூற்றைச் சுற்றி ஓடுவார்கள். அவர்களுக்கு அது இடித்துத்தள்ள வேண்டிய அரசியல் அல்ல, தண்ணீர்.

மார்ச் 20

"நவம்பரில் ஏன் போனீர்கள்?" விமானக் கட்டணம் மலிவு. அதற்கு நுரையீரல் விலை கொடுத்தது. ஊர் ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது, சுற்றிலும் மலை. குளிர் தொடங்கினால் வீடுகளில் விறகு எரிக்கிறார்கள், புகை மேலே போக வழியில்லாமல் கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் ஐரோப்பாவின் மிக மோசமான காற்று இங்கே இருக்கும் நாட்கள் உண்டு. ஒருநாள் வோட்னோ மலைக்குக் கேபிள் காரில் ஏறினோம். உச்சியில் 66 மீட்டர் சிலுவை, அங்கே நல்ல வெயில். கீழே ஊரைக் காணோம், ஆடை படிந்த பால்போல் ஒரு சாம்பல் பரப்பு மட்டும். அதற்குள்தான் எங்கள் விடுதி இருந்தது.

ஏப்ரலில் உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

ஏப்ரல் 9

கேட்டவர் திரும்பிவிட்டார். இரண்டு நாள் என்று போனவர் நான்கு நாள் இருந்தாராம், ஒஹ்ரிடுக்கு மூன்று. என் பேச்சைக் கேட்டு அல்ல, பீன்ஸ் சட்டிக்காக என்கிறார். தற்காலக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று குறைப்படுகிறார்.

உண்மை. நான் போன நாள் திங்கள், கதவு பூட்டியிருந்தது. கோபத்தில் எழுதாமல் விட்டேன். கோட்டைக்குப் பக்கத்து மேட்டில், போலந்து அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்து 1970இல் திறந்த கட்டடம். நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகமெங்கும் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை ஸ்கோப்யேக்கு இலவசமாக அனுப்பினார்கள். பிக்காசோ ஒரு பெண்ணின் தலையை அனுப்பினார். இவர் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, இரவு

மட்கா பள்ளத்தாக்குக்கு எந்தப் பஸ் என்று இன்னொருவர் கேட்கிறார். 60. நீர்த்தேக்கத்தில் படகு உண்டு. திங்கட்கிழமையும்.